நூற்றுக்கு எத்தனை?

மின்சாரம் போன இரவில் டார்ச் விளக்கின் முகத்தை உள்ளங்கையால் பொத்திப் பார்க்காத குழந்தை நம் ஊர்களில் இருக்க முடியாது. விரல் இடுக்குகளும் நகக்கண்களும் செக்கச் செவேலென்று ஒளிரும். உடம்பு ஒளியை அடியோடு தடுத்துவிடும் சுவர் அல்ல. சிவப்பு ஒளிக்கு அது கொஞ்சம் வழிவிடுகிறது. இந்தச் சின்ன உண்மையை வைத்துக்கொண்டுதான் இன்றைய மருத்துவம், ஒரு கிலோகூட எடையில்லாத குறைமாதக் குழந்தையின் உடம்பில் ரத்தம் எப்படி ஓடுகிறது, அதில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்பதை ஊசி குத்தாமலே படித்துவிடுகிறது.

எனக்கு இந்த விஷயம் வார்த்தைகள் வழியாகத்தான் அறிமுகமாயிற்று. கோவையில் பச்சிளங்குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் நண்பர் ஒருவர், நான்கு பக்க ஆங்கிலப் பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கித் தரும்படி கேட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் தாய்மார்களுக்கானது அது. அவர்களில் பலர் கேரள எல்லைக்குள்ளிருந்து வருகிறவர்கள். பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியிலிருந்து ஆனைகட்டி வழியாக இறங்கி வருவார்கள். இடுக்கி மாவட்டத்து மறையூரிலிருந்தும் மூணாறு எஸ்டேட்டுகளிலிருந்தும் உடுமலைப்பேட்டை வழியாக வருவார்கள். ரேஷன் கார்டில் கேரளம். வாயில் தமிழ், அல்லது தமிழுக்கு மிக நெருங்கிய இருளர் பேச்சு. ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு ஆறுதல் சொல்லும் நர்ஸ்களில் பாதிப் பேர் மலையாளிகள்.

பிரசுரத்தின் முதல் வரியிலேயே ஒரு முட்டுக்கட்டை. 'நான்-இன்வேசிவ்' என்ற சொல். அகராதிகள் 'ஊடுருவல் அற்ற' என்று தருகின்றன. நம் செய்தித்தாள்களில் ஊடுருவல் என்பது காஷ்மீர் எல்லையில் நடப்பது. குழந்தையின் காலில் ஒயர் கட்டியிருப்பதைப் பார்த்துப் பதறும் ஒரு பெண்ணிடம் 'இது ஊடுருவாது' என்றால் அவள் இன்னும் அதிகமாகப் பயப்படுவாள். 'ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல்' என்று நான்கு சொற்களில் எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இதுதான் சரி. அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே ரத்தம் எடுப்பீர்களா என்பதுதான்" என்றார்.

அந்தக் கேள்வி அறியாமையில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தமாக இருக்கும் ரத்தம் சுமார் 80 அல்லது 90 மில்லி. டீக்கடைச் சின்ன டம்ளர் ஒன்றில் அடங்கிவிடும். அதிலிருந்து ஒரு மில்லி எடுப்பது, வளர்ந்த மனிதரிடமிருந்து ஐம்பது மில்லிக்கு மேல் எடுப்பதற்குச் சமம். பரிசோதனை, மறு பரிசோதனை என்று நாளுக்கு நாலு முறை எடுத்தால், எடுத்த ரத்தத்தை ஈடுகட்டவே பிறகு ரத்தம் ஏற்ற வேண்டி வரும். 'என் பிள்ளையிடம் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று தாய் கேட்பதில் கணக்கு இருக்கிறது. ஊசிக்குப் பதிலாக ஒளி என்பது அந்தக் கணக்குக்கு விடையாகத்தான் வந்தது.

விடையைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டகுவோ அவோயாகி. 1970-களின் தொடக்கத்தில் அவர் தேடியது வேறொன்று. காதுமடலில் ஒளியைச் செலுத்தி, இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் பார்த்தவருக்கு, தொல்லையே விடை என்று புரிந்தது. துடிப்புக்குத் துடிப்பு மாறுகிற ஒளி தமனி ரத்தத்தைத் தொட்டு வருவது. மாறாமல் இருப்பது தோல், சதை, எலும்பு. மாறுவதை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் கதை தெரிந்துவிடும். 1974-ல் அவர் இதை வெளியிட்டார். பல்ஸ் ஆக்சிமீட்டர் பிறந்தது. 2020 ஏப்ரலில், கொரோனாவுக்குப் பயந்து உலகம் முழுவதும் மக்கள் அந்தக் கருவியை விரலில் மாட்டத் தொடங்கிய நேரத்தில், 84 வயதில் அவர் காலமானார்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. குழந்தையின் பாதத்தையோ கையையோ சுற்றி ஒரு சிறு பட்டை. அதில் இரண்டு ஒளிகள்: கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, 660 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940 நானோமீட்டர். பிராணவாயுவை ஏற்றிக்கொண்ட ஹீமோகுளோபின் சிவப்பை விட்டுவிட்டு அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். பிராணவாயு இழந்த ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் உறிஞ்சும். எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்த இரண்டு ஒளிகளின் விகிதத்தைப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைக் கருவி காட்டுகிறது. அதே வெளிச்சம், பிறந்த குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கிறதா என்ற சந்தேகத்தையும் எழுப்பித் தரும். 2017-ல் தொடங்கிய 'ஹிருத்யம்' திட்டத்தின் வழியாகப் பிறவி இதய நோயுள்ள குழந்தைகளின் சிகிச்சையைக் கேரள அரசு ஏற்றுக்கொண்ட பிறகு, இந்த எளிய சோதனைக்கு அங்கே மதிப்புக் கூடியிருக்கிறது.

பிரசுரம் முடிந்து, அதைத் தாய்மார்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்க ஒரு நாள் முழுக்க அந்தக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். மலையாளத்தில் குறைமாதக் குழந்தையை 'மாசம் திகயாத்த குஞ்ஞு' என்பார்கள். கொங்குச் சந்தையில் பேரம் முடிந்தால் 'விலை திகைஞ்சுது' என்கிறோமே, அதே சொல்தான். நிறைவுக்கு வராத குழந்தை. 'குறை' என்று சொல்வதைவிட இது இதமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மூணாறு எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஒருத்தி நர்ஸிடம் கேட்டாள்:

"சிஸ்டர், மெஷின்ல தொண்ணூத்தஞ்சுன்னு காட்டுது. நல்லாருக்குன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்குப் பிள்ளைக்கு ரத்தம் ஏத்தணும்ங்கிறீங்க?"

நான் பிரசுரத்தைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு ஆங்கில மூலத்தில் பதில் இல்லை. அந்த நர்ஸிடம் இருந்தது. நடுவயதுக்காரர், பாலக்காட்டுத் தமிழ்.

"மோளே, நீ கொழுந்து எடுக்கிறவதானே? நூறு சாக்கு கொண்டு போனா தொண்ணூத்தஞ்சு சாக்கு நிறைஞ்சிருக்குன்னு மெஷின் சொல்லுது. எத்தனை சாக்கு கொண்டு போனேன்னு அது சொல்லாது. உன் பிள்ளைக்கு வேண்டிய சாக்கே இல்லை. பாதிதான் இருக்கு."

அந்தப் பெண் தலையாட்டினாள். அவளுக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது. அந்த உவமையை டாக்டரின் அனுமதியோடு பிரசுரத்தில் சேர்த்தேன்.

நூற்றுக்கு எத்தனை என்பது ஒரு விகிதம். மொத்தம் எத்தனை என்பது வேறு கேள்வி. ரத்தசோகை உள்ள உடம்பில் இருக்கிற கொஞ்ச ஹீமோகுளோபினும் நிறைந்து போனால், கருவி 98 என்றுகூடக் காட்டும். மூளைக்கும் குடலுக்கும் போய்ச் சேரும் பிராணவாயு மட்டும் போதாமல் இருக்கும். கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது.

கேள்வியைப் பெரிதாக்கும் முயற்சிகள் அரை நூற்றாண்டாக நடக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் யாப்சிஸ், 1977-ல், அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளி மண்டையோட்டையும் தாண்டி மூளைக்குள் போய்த் திரும்பும் என்று நிரூபித்தார். 1980-களின் நடுவில் அமெரிக்காவிலும் லண்டனிலும் அதைக் குறைமாதக் குழந்தைகளிடம் பயன்படுத்திப் பார்த்தார்கள். இவர்களின் மண்டையோடு மெல்லியது; ஒளிக்கு வசதியானது. தேவையும் இவர்களுக்கே அதிகம். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் மூளையில் ரத்தக் குழாய்கள் மிக நொய்மையானவை. ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறமை அதற்கு இன்னும் கைவரவில்லை. முதல் மூன்று நாட்களில் மூளைக்குள் கசிவு ஏற்படும் ஆபத்து மிகுதி.

அடுத்த படி, ரத்தத்தின் ஓட்டத்தையே ஒளியால் அளப்பது. லேசர் ஒளியைத் தோலின் மேல் பாய்ச்சினால், திரும்பி வரும் ஒளியில் புள்ளி புள்ளியாக ஒரு மினுக்கம் இருக்கும். உள்ளே சிவப்பணுக்கள் வேகமாக ஓடினால் மினுக்கம் வேகமாக மாறும். மந்தமானால் மெதுவாக மாறும். ஆற்றைப் பார்க்காமல், அலையில் ஆடும் நிலா வெளிச்சத்தைப் பார்த்தே நீரோட்டத்தைச் சொல்வது போன்ற வித்தை. பிராணவாயு அளவையும் ஓட்டத்தின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், மூளை உண்மையில் எவ்வளவு பிராணவாயுவைச் செலவழிக்கிறது என்று கணக்கிடலாம். 'பேபிலக்ஸ்' என்ற ஐரோப்பியத் திட்டம் இதற்கான கருவியைக் கட்டி, கோபன்ஹேகனிலும் மிலானிலும் பிறந்த குழந்தைகளிடம் சோதித்தது.

இவ்வளவு பார்க்க முடிந்ததால் குழந்தைகள் அதிகம் பிழைத்தார்களா? 17 நாடுகளின் 70 மருத்துவமனைகளில், 28 வாரத்துக்கு முன் பிறந்த 1,601 குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மூளையின் பிராணவாயுவை ஒளிக்கருவியால் கண்காணித்து அதன்படி சிகிச்சை. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. 2023-ல் முடிவு வந்தது. இறந்தவர்களும் மூளையில் கடும் பாதிப்பு அடைந்தவர்களும் கண்காணித்த பிரிவில் நூற்றுக்கு 35.2, மற்றதில் 34.0. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்துகொள்வது ஒன்று, தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்பது இன்னொன்று. கருவி வாங்குவதைச் சாதனையாக அறிவிக்கும் அரசுகள் இந்த எண்களைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஆக்சிமீட்டரிலேயே நாம் கற்க வேண்டியது மிச்சமிருக்கிறது. அதிகப் பிராணவாயு குறைமாதக் குழந்தையின் கண்ணைப் பறித்துவிடும் என்பது 1950-களில் தெரிந்தது. குறைத்தாலோ உயிருக்கே ஆபத்து. 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிராணவாயு அளவை 85-89-க்குள் வைத்த குழந்தைகளில் நூற்றுக்கு 19.9 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். 91-95-க்குள் வைத்தவர்களில் 16.2 பேர். பிழைத்தவர்களில் கடுமையான விழித்திரை நோய் முதல் பிரிவில் 8.6, இரண்டாவதில் 17.9. ஒரு பக்கம் உயிர், ஒரு பக்கம் பார்வை. நடுவே இருக்கும் அந்த நாலைந்து எண்களுக்குள் குழந்தையை நிறுத்த, கருவி கூவும்போதெல்லாம் வந்து பார்க்கும் ஒரு நர்ஸ் வேண்டும். இருபது தொட்டிலுக்கு இரண்டு நர்ஸ் என்றால், கருவி யாருக்காகக் கூவுகிறது?

இன்னொரு விஷயம், நம் தோலைப் பற்றியது. ஒளி ரத்தத்தைத் தொடும் முன் தோலின் நிறமியைக் கடக்க வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளில், உண்மையில் ரத்தத்தில் 88-க்கும் கீழே போயிருந்தவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு 3.6, கறுப்பினத்தாரில் 11.7. 2022-ல் குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வும் இதே போக்கைக் காட்டியது. கருவிகள் வெள்ளைத் தோலை அதிகம் பார்த்துப் பழகியவை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜனவரியில்தான், பல நிறத் தோலிலும் சோதித்துக் காட்டுங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு வரைவு நெறிமுறை வெளியிட்டது. இருளர், குறும்பர், முதுவர் குழந்தைகளின் தோலில் இந்தக் கருவி எத்தனை எண் தள்ளிக் காட்டுகிறது என்று நம் நாட்டில் யாராவது கேட்டாக வேண்டும். 91 என்பது உண்மையில் 88 ஆக இருந்தால், நான் மேலே சொன்ன எல்லைக்கோட்டின் தவறான பக்கத்தில் குழந்தை இருக்கிறது.

இனி அட்டப்பாடிக்கு வருகிறேன். 2023-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, கேரளத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் 5. இந்திய சராசரி 25. பணக்கார நாடுகளோடு போட்டி போடும் எண் இது. இதே கேரளத்தில்தான் 2012, 2013 ஆண்டுகளில் அட்டப்பாடியின் ஆதிவாசி ஊர்களில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து நாட்டையே உலுக்கினார்கள். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து குழு வந்தது. மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வந்தார். குடும்பஸ்ரீ மூலம் ஊர்தோறும் சமூக சமையல் கூடங்கள் தொடங்கின. கோட்டத்தரையில் உள்ள அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனைக்கு வசதிகள் சேர்ந்தன. ஆனாலும் 2021 நவம்பரில் அடுத்தடுத்து குழந்தைகள் இறந்து, அட்டப்பாடி மறுபடி தலைப்புச் செய்தியானது.

அந்தக் குழந்தைகளில் பலர் மாதம் நிறையாமல், எடை போதாமல் பிறந்தவர்கள். காரணம் குழந்தையிடம் தொடங்கவில்லை. தாயின் ரத்தத்தில் தொடங்குகிறது. ரத்தசோகை, அதோடு இந்த மலைகளில் பரம்பரையாக வரும் அரிவாள் அணு நோய். இரண்டுமே குறைப் பிரசவத்தின் வாய்ப்பைக் கூட்டுபவை. அதற்கும் பின்னால் நிலம் இருக்கிறது. 1951-ல் அட்டப்பாடி மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று பாதிக்கும் குறைவு. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் குடியேறியவர்களிடம் நிலம் போன பிறகு, ராகியும் சாமையும் தினையும் துவரையும் விளைந்த தட்டு, ரேஷன் அரிசித் தட்டாக மாறியது. 2017-ல் அரசே சிறுதானியச் சாகுபடியைத் திருப்பிக் கொண்டுவரத் திட்டம் போட வேண்டியிருந்தது.

ஆகவே, நர்ஸ் சொன்ன சாக்குக் கணக்கு ஒரு குழந்தையோடு நிற்பதில்லை. மாநிலத்தின் சராசரியும் ஒரு விகிதம்தான். 5 என்ற எண் சரியானதே. ஆனால் அட்டப்பாடியில் எத்தனை, மூணாறு லயங்களில் எத்தனை, இடமலக்குடியில் எத்தனை என்று அது சொல்லாது. 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அறிவிக்கப்பட்ட இடமலக்குடியில், முதுவர் சமூகத்தின் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் காட்டு வழியே கம்பில் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து வந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். எஸ்டேட்டுத் தமிழர்களுக்குப் போடிமெட்டு இறங்கித் தேனி, மறையூர் இறங்கி உடுமலை என்று தமிழ்நாட்டுப் பக்கம்தான் பல நேரம் அருகில். மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. குளிர்ந்துபோய் வந்து சேரும் குழந்தையின் கால் ரத்த ஓட்டம் சுருங்கியிருக்கும். அப்போது ஒளிக்கருவிக்கு நாடியே சரியாகக் கிடைக்காது. எண்ணுக்குப் பதில் கோடுகள்தான் திரையில் ஓடும்.

குளிருக்கு மருந்து தாயின் மார்புச் சூடு. 1970-களின் முடிவில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய 'கங்காரு' முறை அது. குழந்தையை வெறும் மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்வது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனே தாயிடம் கொடுத்தபோது, 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7-லிருந்து 12.0 ஆகக் குறைந்தார்கள். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான டாலர் பெறுமான மூளைக் கண்காணிப்புக் கருவியால் காட்ட முடியாத வித்தியாசத்தை ஒரு முழத்துணி காட்டியது.

இதனால் ஒளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாயின் மார்பில் கட்டியிருக்கும் குழந்தையின் காலிலும் அந்தச் சின்னப் பட்டை இருக்கத்தான் வேண்டும். சில மணிக்கு ஒருமுறை அதை இடம் மாற்றி, தோல் புண்ணாகாமல் பார்க்க ஒரு கை வேண்டும். 2020-ல் மட்டும் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் மாதம் நிறையாமல் பிறந்தார்கள் என்றும் அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2023-ல் கணக்கிட்டன. இத்தனை குழந்தைகளுக்கும் ரத்தம் எடுக்காமல் ரத்தத்தைப் படிக்கும் ஒரு வழி கிடைத்திருப்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் சாக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டும் வேலை தீவிர சிகிச்சைப் பிரிவில் நடப்பதல்ல. அது அட்டப்பாடியின் பள்ளிக்கூடத்தில், பதினான்கு வயதுப் பெண்ணின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பதில் தொடங்குகிறது. எஸ்டேட்டில் ஏழாம் மாதத்திலும் மேடேறிக் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குக் கூலி குறையாமல் ஓய்வு கொடுப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மாநிலத்தின் எண் அறிவிக்கப்படும் நாளில், அட்டப்பாடியின் எண்ணையும் இடமலக்குடியின் எண்ணையும் தனித்தனியாக அதன் பக்கத்தில் அச்சிட வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை.